திருப்பிப் பேசியவள்

சின்னியின் குரலை அந்த ஊரில் கேட்காதவர்கள் இல்லை. ஆளைத்தான் யாருக்கும் தெரியாது. லிஃப்ட்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்பது அவள். வங்கிக்குப் போன் போட்டால், "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்று நிதானமாகச் சொல்லி, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் மனிதர்களை இன்னும் கொதிக்க வைப்பதும் அவள்தான். சலவைக் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மூலையில் குனிந்துதான் நிற்க முடியும் என்கிற மாதிரி ஓர் அறை. அதுதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பாள். அடுத்த கடையில் சலவை இயந்திரம் சுழல ஆரம்பித்துவிட்டால் மைக்கை அணைத்துவிட்டு, அது அடங்கும் வரை டீ குடிப்பாள்.

பதிவு செய்ததை வெட்டித் திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அப்படி ஓட்டி ஓட்டி, பின்பக்கமாக ஓடும் பேச்சு அவள் காதில் குடியேறிவிட்டது. மற்றவர்களுக்கு அது தண்ணீருக்கு அடியில் யாரோ சண்டை போடுகிற மாதிரி கேட்கும். அவளுக்கு அது பேச்சாகவே கேட்டது. ஒருநாள் வேலை ஓடாத மதியத்தில், "உதறிகுடூம் உவதக்" என்று மைக்கில் சொல்லி, அதைத் திருப்பி ஓட்டினாள். "கதவு மூடுகிறது" என்றது பெட்டி, அட்சரம் பிசகாமல்.

அப்போது அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் எல்லாம். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, தங்கைக்குத் தட்டில் போட்ட பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வாள். சாப்பிடும்போது சின்னி வித்தையைக் காட்டினாள். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அப்ப விகடகவின்னு சொன்னா? அதை எப்படிப் போட்டாலும் விகடகவிதானே?"

"எழுத்தைத் திருப்பினா அதேதான்க்கா. சத்தத்தைத் திருப்பினா அது இவகடகிவ்."

"கடவுளே, இது எந்த தேசத்து வியாதிடி!"

அக்காவின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை வாயில் போடாமல் சின்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடை திறப்பு, கம்பெனி ஆண்டு விழா, பரிசளிப்பு என்று மேடை ஏறி மைக் பிடிப்பவர். கணீரென்ற குரல், லட்சணமான முகம். பேசுவதற்குத்தான் சரக்கு இருக்காது. ஒரே நகைச்சுவையை மூன்று விழாக்களில் சொல்லி, மூன்றாவதில் கூட்டமே அவருக்கு முன்னால் முடித்துவைத்த கதையும் உண்டு.

"சின்னி, மேடையில நின்னு இதைச் செய்வியா?" என்று கேட்டார்.

"ஐயோ மாமா, நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கை கால் உதறும்."

"அப்ப நீ மேடைக்கு வர வேணாம். என் காதுக்குள்ள வா."

அப்படித்தான் 'தலைகீழார்' பிறந்தார். காதை மூடும் அளவுக்கு முடி வளர்த்தார். அதற்குள் ஒரு குட்டி ஒலிக்கருவி. கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார். திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சின்னி அதை மனதுக்குள் கவிழ்த்து, துண்டு துண்டாக அவர் காதில் ஓதுவாள். அவர் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, என்னவோ தவத்தில் கிடைத்த மாதிரி அதை மைக்கில் சொல்லுவார். பிறகு மேஜைமேல் இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தட்டுவார். பதிவு பின்பக்கமாக ஓடும். கேட்டவர் சொன்ன வாக்கியம் அவர் குரலில் அப்படியே வரும். அரங்கம் இரண்டுபடும்.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "வந்தேன் யான்" என்றார், தமிழ் பிசகாமல். தலைகீழார் அவரைக் கை நீட்டிக் காட்டி, "நாய் நேத்னவ்" என்றார். பெரியவரின் முகம் சிவந்து, கைத்தடி மேலே எழுந்துவிட்டது. பொத்தானைத் தட்டி, "வந்தேன் யான்" என்று வந்த பிறகுதான் கீழே இறங்கியது. 'யான்' என்பதைத் திருப்பினால் 'நாய்' என்பது சின்னி ஒருத்திக்குத்தானே தெரியும்! அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நான்கு வருடம் இப்படிப் போனது. புகழ் வந்தது. ஒரு பேட்டியில் அவரிடம், இந்தக் கலையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்கள். "யாரும் சொல்லிக் குடுக்கல. பிறக்கும்போதே வந்தது" என்றார். கொஞ்சம்கூட நா கூசவில்லை.

மறுநாள் சின்னி சொன்னாள்: "அடுத்த நிகழ்ச்சியில என் பேரையும் போட்டுடுங்க மாமா. இல்லேன்னா நான் வரல."

"நியாயம்தானே, அவ வாயிலேர்ந்துதானே எல்லாம் வருது" என்றாள் அக்கா.

"போட்டுட்டாப் போச்சு" என்றார் அவர், பல் தெரியச் சிரித்தபடி.

அந்த வாரக் கடைசியில் சின்னி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய துணிகள் ஒரு பையில் திணிக்கப்பட்டு வாசலுக்கு வெளியே கிடந்தன. அக்கா கதவைப் பாதி திறந்து, கையில் இருந்த போனை நீட்டினாள். அதில் சின்னியின் குரல் பேசியது: "நீங்க இல்லாம என்னால முடியாது மாமா. அக்கா நமக்கு இடைஞ்சல்."

சின்னிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஒத்திகையையும் அவர் பதிவு செய்து வைப்பார். 'நீங்க இல்லாம என்னால முடியாது' என்பது யாரோ ஒரு பயிற்சிக்காகக் கொடுத்த சினிமாத்தனமான வசனம். 'எல்லாருக்கும் இடைஞ்சல்' என்பது வண்டி நிறுத்தாதீர்கள் என்று அவள் ஒரு கட்டடத்துக்குக் கொடுத்த அறிவிப்பு. மாமா, அக்கா, நமக்கு எல்லாம் அவள் நாளெல்லாம் பேசுகிற பேச்சு. அவளிடம் கற்ற வெட்டல் ஒட்டலை அவள் குரலிலேயே செய்து பார்த்திருக்கிறார்.

"அக்கா, இது ஒட்டு. நல்லாக் கேட்டுப் பாரு, உனக்கே தெரியும்."

"கேட்டதெல்லாம் போதும். என் வீட்டுப் படியேறாதே." கதவு மூடிக்கொண்டது.

கதவு மூடுவதற்கு முன், அக்காவுக்குப் பின்னால், வீட்டுக் கூடத்தில், அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை சின்னி பார்த்தாள். தங்கை மாதிரி வளர்த்த பெண்ணால் மனமுடைந்துபோன மனிதரைப் போலவே இருந்தது. மேடையில் அவர் ஒருநாளும் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

அந்தப் பதிவு உறவெல்லாம் சுற்றியது. சித்தி போனில் அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். பெரியப்பா மகன் தெருவில் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனான். சின்னி படிக்கட்டுக்கடியில் இருந்த கூடத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். அழுதாள், சோறு இறங்காமல் கிடந்தாள், அப்புறம் ஒருநாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அந்தப் பதிவைத் தன் கணினியில் போட்டாள். ஒட்டு எங்கே என்று தேடத்தான் போட்டாள். பழக்கதோஷம், கை தானாகப் பின்பக்கமாக ஓட்டியது.

தண்ணீருக்கடியில் நடக்கும் சண்டைக்கு நடுவே ஒரு சொல் மட்டும் தெளிவாக மேலே வந்தது. "ஆமாம்."

திரும்ப ஓட்டினாள். "ஆமாம்." எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். 'மாமா' என்று அவள் சொன்ன இடம் அது. மாமாவைத் திருப்பிப் போட்டால் ஆமாம். இத்தனை வருடம் வாய் ஓயாமல் கூப்பிட்டும் அவளுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

சின்னி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் வாய்ச் சொல்லை எடுத்து அவளை அடித்தார் அல்லவா? இருக்கட்டும். அவர் வாயிலிருந்தே ஒரு சொல் வரவேண்டும். அவர் கையாலேயே அவர் பொத்தானைத் தட்டவேண்டும். அன்று முதல் அவள் காத்திருந்தாள். அவசரப்படவில்லை. அவர் தன்னைத் தேடி வந்தே தீரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். கணினியே தலைகீழாக்கிக் கொடுக்கும் சத்தத்தைக் காதில் போட்டுப் பார்த்தார். அதைக் கேட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எந்த எழுத்தை மெல்லத் தொடங்கிச் சட்டென்று வெட்ட வேண்டும் என்பதெல்லாம் சின்னி ஓதும்போதே சேர்ந்து வரும். இயந்திரம் வெறும் இரைச்சலைத்தான் கொடுத்தது. இரண்டு மேடைகளில் உளறினார். தொண்டை சரியில்லை என்று நாலு நிகழ்ச்சிகளைத் தட்டிக்கழித்தார். அப்புறம்தான் அந்தப் பெரிய அழைப்பு வந்தது. நகரத்தின் பெரிய அரங்கம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு.

ஒரு காலைப் பொழுதில் தலையைக் குனிந்து சின்னியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"எப்படி இருக்க சின்னி?"

"சொல்லுங்க." மாமா என்ற சொல்லை அவள் விழுங்கி இரண்டு வருடமாகிவிட்டது.

"ஒரே ஒரு நிகழ்ச்சி. நீ மட்டும் வந்து உக்காந்துட்டேன்னா, முடிஞ்ச கையோட உங்க அக்காகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்."

"முன்னாடியே சொல்லலாமே."

"முன்னாடி சொன்னா அவ நிகழ்ச்சிக்கே வர மாட்டாளே. கடைசி அயிட்டமே அவதான். முன்வரிசையில உக்காந்து மைக்ல ஒரு கேள்வி கேப்பா. 'இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய்யாவது சொல்லியிருக்கீங்களா?' அதுக்கு நான் தலைகீழா பதில் சொல்லணும். 'சத்தியமா இல்ல, என் உசுரே நீதான்.' ஜனம் உருகிடும்."

மனிதருக்கு என்ன துணிச்சல் என்று சின்னிக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. அந்தப் பதிலைத் திருப்பிச் சொன்னால் எப்படி ஒலிக்கும் என்று அவர் கேட்கவில்லை. என்றைக்குமே கேட்டதில்லை. "அதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார்.

"சரி, வரேன்" என்றாள் சின்னி. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று ஒரு கணம் யோசித்திருந்தால் தப்பித்திருப்பார். அவர் அதற்குள் நன்றி சொல்லிவிட்டு, படிக்கட்டில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. சின்னி பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், இடுக்கு வழியாக மேடையும் முன்வரிசையும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். முன்வரிசையில் உறவுக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அக்கா இளைத்திருந்தாள். சின்னி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வேலையைப் பார்க்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு மருத்துவர் வாய்க்குள் நுழையாத மருந்துப் பெயர் சொன்னார், ஒரு பெண் தன் குழந்தையின் மழலையைச் சொன்னாள். எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தது. தலைகீழாருக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் தலைமுடியைக் கோதினார். பயம் தெளிந்த மனிதன் எதைச் சொன்னாலும் சொல்லுவான் என்று சின்னி கணக்குப் போட்டிருந்தாள்.

கடைசியில் அக்காவின் கையில் மைக் வந்தது. அவள் கேள்வியைப் பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டாள். "இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு பொய்யாவது சொல்லியிருக்கீங்களா?"

கூட்டம் "ஓ" என்றது. தலைகீழார் கண்ணை மூடினார்.

சின்னி ஓதினாள். "நாத்நான்."

"நாத்நான்" என்றார் அவர்.

"உதனிட்டொ இட்டெவ்."

"உதனிட்டொ இட்டெவ்."

"அலருக் இன்னிஸ்."

"அலருக் இன்னிஸ்."

இன்னும் ஒரு சொல் பாக்கி. சின்னி மூச்சை இழுத்து, மெதுவாகச் சொன்னாள்: "மாமா."

அவர் திகைத்தார். திரை இடுக்கு வழியாக அவர் முகம் அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்து திரைப்பக்கம் பார்த்தார். சொல்லச் சொல்கிறாளா, கூப்பிடுகிறாளா? இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக மாமா என்கிறாளே, மன்னித்துவிட்டாளா? அரங்கம் காத்திருந்தது. அவள் மறுபடி, கொஞ்சம் அழுத்தி, "மாமா" என்றாள்.

"மாமா" என்றார் தலைகீழார், மைக்கில், தன் மனைவியைப் பார்த்து.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். கையை மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சிவப்புப் பொத்தானைத் தட்டினார்.

அவருடைய கணீர்க்குரல் அரங்கம் முழுக்க நிறைந்தது:

"ஆமாம். சின்னி குரல வெட்டி ஒட்டினது நான்தான்."

பாதிப் பேர் இதுவும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்களே, அங்கே ஒரு கை அசையவில்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நிகழ்ச்சி நடத்துகிற பெண் விஷயம் புரியாமல், "இது என்ன சார், புதுசா இருக்கு?" என்று சிரித்தபடி மைக்கை நீட்டினாள்.

"இது நான் சொன்னதில்ல!" என்று கத்தினார்.

"உங்க குரல்தானே சார்?"

"குரல் என்னுதுதான். ஆனா நானாச் சொல்லல. அவ சொல்லிக் குடுத்தா, நான் அதைத் திருப்பிச் சொன்னேன். எப்பவும் அவதான் என் காதுல..."

அத்தோடு நாக்கு நின்றது. கை ஏற்கெனவே காதுக்குப் போயிருந்தது. அந்தக் குட்டிக் கருவி விரல்களுக்கு நடுவே விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. நூற்றுக்கணக்கான போன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

"யாரு சார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள் அந்தப் பெண், இப்போது சிரிக்காமல்.

சின்னி இதற்காகத்தான் அந்த வாக்கியத்தை மாதக்கணக்கில் செதுக்கியிருந்தாள். ஒத்துக்கொண்டால் அவர் புளுகன், மறுத்தால் வெறும் கிளிப்பிள்ளை. அவர் இரண்டுமாக மேடையில் நின்றார். சின்னி ஒயரைச் சுருட்டினாள், சுருட்டி முடிச்சுப் போட்டாள், நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்படி வழியாக இறங்கிப் போனாள். வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அவளுக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. அடுத்த சில நாட்களில் அந்தக் காட்சி ஊரெல்லாம் ஓடியது. அவர் பால் வாங்கப் போனால் தெருமுனையில் பிள்ளைகள் ஒரு பக்கம் நின்று "மாமா!" என்று கத்துவார்கள், எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் "ஆமாம்!" என்பார்கள். முடியை வெட்டிப் பார்த்தார், தொப்பி போட்டுப் பார்த்தார், கடைசியில் ஊரை விட்டே போய்விட்டார். சித்தி போனில் அழுதாள். "அழாதீங்க சித்தி, இணைப்பில் காத்திருங்க" என்று தன்னுடைய வங்கிக் குரலில் சொல்லிவிட்டு, சின்னி போனை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதிலும் ஒரு ருசி இருந்தது.

அக்கா மட்டும் போன் செய்யவில்லை. நிகழ்ச்சிக்கு மறுநாள் காலையிலேயே பெட்டியோடு வந்து கூடத்தின் வாசலில் நின்றாள்.

சின்னி எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி அது. அக்கா அழுவாள், 'தெரியாம நம்பிட்டேன்டி' என்பாள், தானும் அழுவோம், எல்லாம் சரியாகிவிடும்.

அக்கா அழவில்லை. "நேத்து அவர் வாயில வந்தது உன் வேலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீ காதுல சொன்னதைத்தானே அவர் சொன்னாரு."

"அப்ப இன்னும் நம்பலையா?"

"நம்பறதுக்கு என்ன இருக்கு? எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே?"

"நீ கேட்டுப் பாருன்னு சொன்னியே, அன்னிக்கே. கதவை மூடிட்டு உள்ள போய்க் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ கோவத்துல ரெண்டு வார்த்தை பேசினாலே நடுவுல மூச்சு வாங்கும். அதுல ஒரு இடத்துலகூட நீ மூச்சே விடல."

"தெரிஞ்சுமா கதவைத் திறக்கல?" என்றாள் சின்னி.

"பொய்னு ஒத்துக்கிட்டா அவரை விட்டு வரணும். அவரா நீயான்னு வந்தப்ப, உன்னை விடறது லேசாத் தெரிஞ்சுது. நீ எங்க போயிடுவ, என் தங்கச்சிதானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு..." அக்கா பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து அவர் அந்த மைக்கு முன்னாடி முழிச்சதைப் பார்த்தப்ப, இந்த ஆளுக்காகவான்னு இருந்துச்சு."

தலைகீழார் செய்தது சின்னிக்கு வலித்தது. இது அதைவிட ஆழமாகப் போய் இறங்கியது. அவர்மேல் இருந்த வன்மத்தை ஒரு மாலையில் தீர்த்துக்கொண்டாள். இதை எந்தப் பொத்தானைத் தட்டித் தீர்ப்பது?

"உள்ள வா" என்றாள். "ஆனா எங்கிட்ட பேசாதே."

அக்கா உள்ளே வந்தாள். பேசவில்லை. மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், முதலில் தங்கையின் தட்டில் போட்டாள். சின்னி அதைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் எழுந்துபோனாள். மாதங்கள் ஓடின.

மழைக்காலத்தில் சின்னிக்குக் காய்ச்சல் வந்து குரல் கம்மிப்போனது. ஒரு மருத்துவமனைக்கான அறிவிப்புகளை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். காற்றைத் தவிர வேறொன்றும் தொண்டையிலிருந்து வரவில்லை. அக்கா எதுவும் கேட்காமல் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, தாளை எடுத்துப் படித்தாள். "பார்வையாளர்கள் அமைதி காக்கவும்." ஒரே வயிற்றில் பிறந்த குரல். சின்னியாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

சின்னி ஒலியளவைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு தடவை என்று காட்டினாள்.

அக்கா படித்தாள். மறுபடி விரல். மறுபடி படித்தாள். பக்கத்துக் கடையில் இயந்திரம் சுழன்று நிற்கும் வரை காத்திருந்து, மறுபடியும் படித்தாள். தொண்டை வறண்டு, வார்த்தைகள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன.

"போதுமாடி?" என்று கேட்டாள் கடைசியில்.

முதல் தடவை படித்ததைத்தான் அனுப்பப்போகிறோம் என்று சின்னிக்கு அப்போதே தெரியும். சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர்ச் செம்பை மட்டும் அக்கா பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி மைக்கின் பக்கம் குனிந்தாள்.